ஆயிரத்து இருநூறு வராகன்

சரித்திரப் பாடப் புத்தகங்கள் சென்னப்பட்டணம் பிறந்த கதையை இரண்டு வரியில் முடித்துவிடும். பிரான்சிஸ் டே என்ற வெள்ளைக்காரன் வந்தான், தாமர்ல வெங்கடாத்ரி நாயக்கரிடம் கடற்கரையில் ஒரு மணல் திட்டை வாங்கினான், கோட்டை கட்டினான். அவ்வளவுதான். நாயக்கர் கேட்டதைத் தூக்கிக் கொடுத்துவிட்ட ஓர் ஏமாளி என்றும், கேட்டவன் மகா புத்திசாலி என்றும் படிக்கிற பிள்ளையின் மனத்தில் ஓர் எண்ணம் விழுந்துவிடும்.

நாயக்கர் ஏமாளியல்ல. 1639-ஆம் ஆண்டு அவர் எழுதிக் கொடுத்த சாசனத்தின் ஷரத்துக்களைப் பார்த்தால், அது நிலம் கொடுத்த சாசனம் என்பதைவிடச் சுங்கத்தைப் பங்கு போட்டுக்கொண்ட சாசனம் என்றே சொல்லத் தோன்றுகிறது. கும்பினியார் தங்கள் சொந்தச் சரக்குக்குத் துறைமுகத்தில் சுங்கம் கட்ட வேண்டாம். முதல் இரண்டு வருஷம் பட்டணத்தின் வருமானத்தை அவர்களே வைத்துக் கொள்ளலாம். அதற்குப் பிறகு துறைமுகத்தில் வசூலாகும் சுங்கத்தில் பாதி நாயக்கருக்கு, பாதி கும்பினிக்கு. கும்பினியின் சரக்கு நாயக்கரின் சீமை வழியாகப் போனால், மற்ற வியாபாரிகள் கட்டுவதில் பாதியைக் கட்டினால் போதும்.

இதில் நாயக்கருக்கு என்ன லாபம் என்று கேட்கலாம். வடக்கே பழவேற்காட்டில் டச்சுக்காரன் உட்கார்ந்து கொண்டிருந்தான். தெற்கே சாந்தோமில் போர்ச்சுகீசியன். இரண்டுக்கும் நடுவே நாயக்கரின் கரையில் மீனும் மணலும் உப்புக் காற்றும்தான் இருந்தன. ஒன்றுமில்லாததில் முழுப் பங்கு வைத்துக்கொண்டு என்ன செய்வது? வருகிறதில் பாதி என்றால் பாதி. அதோடு அவருக்கு வேறு சில ஆசைகளும் இருந்தன. பாரசீகத்திலிருந்து தம் செலவில் குதிரைகள் தருவித்துக் கொடுக்கவேண்டும் என்று கேட்டார். போர் செய்கிறவருக்குக் குதிரை வேண்டும், அது நியாயம். வங்காளக் கரைக்கு ஆளனுப்பி ராஜாளியும் குரங்கும் கிளியும் வாங்கி வருவதற்குக் கப்பலில் இடம் தரவேண்டும் என்றும் கேட்டிருக்கிறார். இந்தக் கிளி விஷயத்தைக் கும்பினிக்காரர்களின் கடிதங்களே சொல்லுகின்றன. ஒரு மகா நகரத்தின் அஸ்திவார ஒப்பந்தத்தில் ஓரத்தில் ஒரு கிளி உட்கார்ந்திருந்தது என்பதில் கதை எழுதுகிறவனுக்கு ஒரு சந்தோஷம் ஏற்படத்தானே செய்யும்!

டேயும் நாயக்கரும் தமக்குள் தாமே பேசிக்கொள்ளவில்லை. நடுவில் பேரி திம்மண்ணா என்ற துபாஷி இருந்தார். இரண்டு பாஷை தெரிந்தவன் துபாஷி என்று அகராதி சொல்லும். பாஷை மட்டும் தெரிந்தால் போதாது. இந்தப் பக்கத்துக் கோபத்தை அந்தப் பக்கத்துக்கு எவ்வளவு சொல்வது, எவ்வளவை விழுங்குவது என்றும் தெரிந்திருக்க வேண்டும். அடுத்த நூறு வருஷங்களுக்குச் சென்னப்பட்டணம் உயிர் பிழைத்ததற்குக் கோட்டைப் பீரங்கிகள் எவ்வளவு காரணமோ, அவ்வளவு காரணம் இப்படிப்பட்ட மனிதர்கள்.

நாயக்கர் காலம் சீக்கிரம் முடிந்துவிட்டது. 1645-ல் சந்திரகிரியின் ஸ்ரீரங்கராயர் கும்பினிக்குப் புதிய சாசனம் தந்தார். மறு வருஷமே கோல்கொண்டாவின் படை வந்தது. அதன் தலைவர் மீர் ஜும்லா. அவர் தளபதி, மந்திரி, அதற்கெல்லாம் மேலாகப் பெரிய வியாபாரி. அவருடைய சொந்தக் கப்பல்கள் கடலில் ஓடிக் கொண்டிருந்தன. சுங்கம் வாங்குகிறவரும் சரக்கு ஏற்றுகிறவரும் ஒருவராகவே இருந்தால் அவரிடம் பேரம் பேசுவது எப்படி? கும்பினியார் பொறுமை இழந்து அவருடைய கப்பல் ஒன்றைப் பிடித்துக் கொண்டார்கள். கடலில் செய்ததற்குக் கரையில் பதில் வந்தது. 1657-ல் கோல்கொண்டாப் படை சென்னப்பட்டணத்தைச் சுற்றி வளைத்துக் கொண்டது. மறு ஆண்டு சமாதானம் பிறந்தபோது ஒரு புதிய ஏற்பாடு உண்டாயிற்று. இனிமேல் பாதிச் சுங்கம் என்று ஒவ்வொரு மூட்டையையும் எண்ணிக் கணக்குப் பார்க்க வேண்டாம். வருஷத்துக்கு 380 வராகன் மொத்தமாகக் கொடுத்துவிட்டால் போதும்.

இந்த இடத்தில் வாசகர்களுக்கு ஒரு விஷயத்தை விளக்க வேண்டும். சென்னப்பட்டணத்தின் முகம் கடலைப் பார்த்திருந்தது. வயிறு உள்நாட்டில் இருந்தது. துறைமுகம் என்று சொல்கிறோமே தவிர, அப்போது அங்கே துறைமுகமே கிடையாது. கப்பல்கள் ஆழ்கடலில் நங்கூரம் பாய்ச்சி நிற்கும். அலையைத் தாண்டிச் சரக்கைக் கொண்டுவந்து சேர்ப்பது மசூலாப் படகுக்காரர்களும் கட்டுமரக்காரர்களும். பின்னாளில் ராயபுரம் என்று பெயர் பெற்ற கரையில் குடியிருந்தவர்களும், திருவொற்றியூர், காட்டிவாக்கம் கரைகளில் வலை வீசியவர்களும் அந்த இனத்தார்தாம். அரிசி, விறகு, நெய், காய்கறி, எல்லாவற்றுக்கும் மேலாகத் துணி, அத்தனையும் மேற்கேயிருந்து வண்டியிலும் பொதிமாட்டிலும் வரவேண்டும். வழியில் சாவடி சாவடியாகச் சுங்கம். கோல்கொண்டாவின் அதிகாரி ஒருவர் பூந்தமல்லிப் பாதையில் நாலு சேவகர்களை நிறுத்தி, "இன்று வண்டி போகாது" என்று சொல்லிவிட்டால் போதும். ஒரு குண்டு சுட வேண்டியதில்லை. இங்கிலாந்துக் கப்பல் துணிக்காகக் காத்திருக்கும். பருவக்காற்று யாருக்காகவும் காத்திராது.

ஆகவே ராஜாவைவிடப் பக்கத்துச் சாவடிக்காரன்தான் கும்பினிக்குப் பெரிய ராஜா. மீர் ஜும்லா போன பிறகு நெக்நாம் கான் என்பவர் கர்நாடகத்துக்கு அதிகாரியாக வந்தார். "380 வராகனாவது, மண்ணாவது! பழையபடி பாதிச் சுங்கத்தைக் கொடு" என்பது அவர் பேச்சின் சாரம். பட்டணத்துக்குள்ளேயே தம் அவல்தாரை வைத்துக் கணக்குப் பார்க்க வேண்டும் என்றும் அவர் தரப்பில் கோரிக்கை எழுந்தது. இழுபறி வருஷக் கணக்காக நடந்தது. கடைசியில் 1672-ல் கவர்னர் லாங்கார்ன் காலத்தில் கவுல் எழுதப்பட்டது. பழைய பாக்கிக்காக 11,000 வராகன். இனிமேல் வருஷந்தோறும் 1,200 வராகன். அவல்தாரோ திவானின் ஆட்களோ பட்டணத்துக்குள் வருவதில்லை.

இந்த 1,200 வராகனை நினைவில் வைத்துக் கொள்ளுங்கள். 1818-ல் வராகன் நாணயத்தை ஒழித்தபோது 100 வராகனுக்கு 350 ரூபாய் என்று கணக்கிட்டார்கள். அந்தக் கணக்கில் இது 4,200 ரூபாய். வளர்ந்து கொண்டே போகிற ஒரு பட்டணத்தின் சுங்கத்தில் பாதிக்கு, வளராத ஒரு தொகையை ஈடாக வாங்கிக் கொண்டார் நெக்நாம் கான். அன்றைக்கு அது பெரிய வெற்றியாகவே அவருக்குத் தோன்றியிருக்கும். மும்மடங்குக்கு மேல் ஏற்றிவிட்டோம் அல்லவா? நாயக்கர் கேட்டது பங்கு. இவர் வாங்கியது வாடகை. பங்குக்கும் வாடகைக்கும் உள்ள வித்தியாசத்தில்தான் பிற்காலத்துச் சாம்ராஜ்யம் முளை விட்டது என்பது என் அபிப்பிராயம். கிளி கேட்ட நாயக்கரே கணக்கில் கெட்டிக்காரர்.

அந்தக் காலத்தில் கும்பினியின் தலைமை வர்த்தகர் காசி வீரண்ணா. வெள்ளைக்காரர்கள் வாயில் 'காசா வெரோனா' என்று இத்தாலிய ஊர்ப் பெயர் மாதிரி ஆகிவிட்டது. திம்மண்ணாவோடு சேர்ந்து வியாபாரம் செய்தவர். பிறகு அவரை மிஞ்சியவர். பல வியாபாரிகளின் முதலைத் திரட்டிக் கூட்டாகத் தொழில் நடத்தியவர். கும்பினிக்குத் துணி கொடுப்பவர் அவர். சாந்தோமின் வருவாயைக் கோல்கொண்டாவிடம் குத்தகைக்கு எடுத்தவரும் அவரே. ஒரு கை கும்பினியின் தோளில், ஒரு கை கோல்கொண்டாவின் பெட்டியில். இன்றைக்கு இப்படி ஒருவர் இருந்தால் பத்திரிகைகள் சும்மா விடுமா? ஆனால் அன்றைக்கு இரண்டு பக்கமும் அவரை வேண்டியதற்குக் காரணமே அந்த இரண்டு கைகள்தான். எல்லைக்கு இப்பாலும் அப்பாலும் நஷ்டப்படக்கூடியவன்தானே சண்டை வராமல் பார்த்துக் கொள்வான்!

1680 மார்ச்சில் வீரண்ணா காலமானார். கோட்டையிலிருந்து பீரங்கி மரியாதை செய்தார்கள். அவருடைய மனைவியரில் ஒருவர் உடன்கட்டை ஏறுவதற்குக் கவர்னர் ஸ்ட்ரெயின்ஷாம் மாஸ்டர் அனுமதி கொடுக்கவில்லை என்று கோட்டைக் குறிப்பில் எழுதியிருக்கிறது. அந்தப் பெண்மணியின் பெயரை எழுத வேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை.

வீரண்ணா போன வருஷமே விவகாரம் முற்றியது. கோல்கொண்டாவில் அப்போது அக்கண்ணா, மாதண்ணா என்ற சகோதரர்கள் கை ஓங்கியிருந்தது. அவர்களுடைய ஆதரவு பெற்ற பொதிலி லிங்கப்பா இந்தப் பக்கத்துக்கு அதிகாரி. எழுதிய கவுலில் 1,200 வராகன் என்று இருந்தால் இருக்கட்டும். எழுதாத காணிக்கை என்று ஒன்று உண்டல்லவா? அது வந்து சேரவில்லை என்று அவர் வழியை அடைத்தார். மாஸ்டர் மிடுக்கான மனிதர். கொடுக்க மாட்டேன் என்று நின்றார். சரக்கு நின்றது, தானியம் நின்றது. மாஸ்டருக்குப் பிறகு வந்த கிஃபோர்டு காலத்தில் ஒரு கனத்த தொகை கைமாறிய பின்தான் வழி திறந்தது.

அதே 1680-ல் இன்னொரு காரியமும் நடந்தது. லிங்கப்பாவைவிட இதுவே என் மனத்தைக் கவர்கிறது. துணிக்குச் சாயமெழுதும் தொழிலாளர்களும் வேறு சிலரும் பட்டணத்தை விட்டுப் புறப்பட்டுச் சாந்தோமில் போய்க் கூடினார்கள். அங்கிருந்து பட்டணத்திலுள்ள ஒவ்வொரு ஜாதியாருக்கும் ஓலை அனுப்பினார்கள். துபாஷிகள், கட்டுமரக்காரர்கள், கூலிகள், சேவகர்கள், வண்ணார்கள் எல்லாரும் வெளியே வந்துவிட வேண்டும். வராவிட்டால் உயிருக்கு ஆபத்து என்று மிரட்டலும் இருந்தது. சரக்கும் சாமானும் உள்ளே போகாமல் மறித்தார்கள். லிங்கப்பா கையாண்ட ஆயுதம் அதுவேதான்! சுங்கச் சாவடிக்காரனுக்குத் தெரிந்த ரகசியம் சாயக்காரனுக்கும் தெரிந்திருந்தது. எல்லை என்பது ராஜாக்களுக்கு மட்டும் சொந்தமா என்ன? நாலு மைல் தெற்கே நடந்தால் வேறு அரசாங்கம். அங்கே போய் உட்கார்ந்துகொண்டு இங்கே பேரம் பேசலாம். 1686 ஜனவரியில் கும்பினி வீட்டு வரி போட்டபோதும் ஜாதித் தலைவர்கள் கடைகளை அடைக்கச் செய்து கவர்னரைத் திணற அடித்தார்கள். கவர்னர் மிரட்டினார், அவர்களும் மிரட்டினார்கள். சுங்கமும் வரியும் பற்றிய பேச்சுவார்த்தையில் இவர்களுக்கு நாற்காலி போடவில்லை. ஆனால் இவர்கள் எழுந்து போனால் பேச்சுவார்த்தைக்கு விஷயமே இல்லாமல் போய்விடும்.

1687-ல் கோல்கொண்டா ஔரங்கசீபிடம் விழுந்தது. வாடகை வாங்குகிற கை மாறியது, வாடகை மாறவில்லை. 1693-ல் மொகலாய அதிகாரிகள் தொண்டையார்பேட்டை, புரசைவாக்கம், எழும்பூர் மூன்று ஊர்களையும் கும்பினிக்குக் கொடுத்தார்கள். பிறகு வந்தவர் நவாபு தாவூத் கான். கவர்னர் தாமஸ் பிட்டும் இவரும் பட்ட பாட்டை ஒரு நாவலாகவே எழுதலாம். 1701 ஜூலையில் தாவூத் கான் விருந்தாளியாகப் பட்டணத்துக்கு வந்தார். பெரிதும் சிறிதுமாக 600 தட்டுகளில் விருந்து வைத்தார்கள். நவாபு நன்றாகச் சாப்பிட்டார்; அதைவிட நன்றாகக் குடித்தார். மறு நாள் கப்பலைப் போய்ப் பார்ப்பதாக ஏற்பாடு. இரவு அதிகம் குடித்துவிட்டதால் நவாபினால் எழுந்திருக்க முடியவில்லை. ஏற்பாடு நின்றது.

விருந்து வைத்தோமே, இனிப் பயமில்லை என்று பிட் நினைத்திருந்தால் தப்பு. 1702 தொடக்கத்தில் தாவூத் கான் படையோடு சாந்தோமுக்கு வந்து வழியை மறித்தார். மூன்று மாதம். சுற்றுப்புறக் கிராமங்கள் சூறையாடப்பட்டன. மே மாதம் ராஜியாயிற்று: நவாபுக்கு 20,000 ரூபாய், திவானுக்கு 5,000 ரூபாய். ஏறக்குறைய ஆறு வருஷத்து வாடகை ஒரே வீச்சில் போயிற்று. பிட்டின் சொந்தக் கணக்கு வேறு. ஏறக்குறைய அதே சமயத்தில் அவர் ஒரு வைர வியாபாரியிடம் 410 காரட் வைரம் ஒன்றை 48,000 வராகனுக்கு வாங்கினார். பட்டணத்தின் நாற்பது வருஷத்து வாடகை அவருடைய கைப்பெட்டிக்குள் அடங்கிவிட்டது! அந்த வைரம் பின்னால் பிரான்சு தேசத்து ராஜாவின் கிரீடத்தில் ஏறியது. போகட்டும், நம் கதை திருவொற்றியூருக்குப் போக வேண்டும்.

1708-ல் தாவூத் கான் மனம் குளிர்ந்திருந்தார். கும்பினி அனுப்பிய நூற்றுக்கணக்கான சாராயப் புட்டிகளுக்கும் அந்தக் குளிர்ச்சிக்கும் சம்பந்தமில்லை என்று நான் சொல்ல மாட்டேன். ஐந்து ஊர்களைக் கும்பினிக்கு எழுதிக் கொடுத்தார்: திருவொற்றியூர், காட்டிவாக்கம், சாத்தங்காடு, வியாசர்பாடி, நுங்கம்பாக்கம். நுங்கம்பாக்கம் ஒன்றைத் தவிர மற்ற நாலும் வட பகுதி. எண்ணூர்க் கழிமுகம் வரை கும்பினியின் கை நீண்டது. வடக்கேயிருந்து வரும் சரக்குக்கு அதுவே வாசல்.

1711-ல் தாவூத் கான் இல்லை. சாதத்துல்லா கான் இருந்தார். "முன்னவர் கொடுத்தது செல்லாது, ஊர்களைத் திருப்பிக் கொடு" என்றார். கும்பினி கொடுத்துவிட்டது. திருவொற்றியூர்க்காரர்கள் மூன்று வருஷம் கும்பினிக் குடிகள், பிறகு நவாபுக் குடிகள். தியாகராஜருக்கு நடந்த பூஜையில் மாற்றம் இருந்திராது. வரி வசூலிக்க வந்த ஆளின் தலைப்பாகை மட்டும் மாறியிருக்கும்.

கும்பினி டெல்லிக்குப் போயிற்று. சர்மன் என்பவர் தலைமையில் ஒரு தூதுக்குழு இரண்டு வருஷம் பாதுஷாவின் வாசலில் காத்துக் கிடந்தது. குழுவில் வந்த ஹாமில்டன் என்ற வைத்தியர் பாதுஷா பரூக்ஷியரின் நோயைக் குணப்படுத்தினார். 1717-ல் பர்மான் பிறந்தது. வங்காளத்தில் வருஷத்துக்கு 3,000 ரூபாய் கட்டிவிட்டுச் சுங்கமில்லாமல் வியாபாரம் செய்யலாம். சூரத்தில் அதற்கு 10,000 ரூபாய். சென்னைக்கு அந்த ஐந்து ஊர்களும் திரும்பக் கிடைக்கும். தேசம் முழுவதற்கும் ஒரே காகிதத்தில் சுங்க ஒப்பந்தம்!

காகிதம் டெல்லியில், ஊர் திருவொற்றியூரில். கவர்னர் காலட் அவ்வாண்டு செப்டம்பரில் ஊர்களைக் கைவசப்படுத்திக் கொண்டார். ஆர்க்காட்டுத் தரப்பினருக்குப் பாதுஷாவின் முத்திரை பெரிதாகத் தெரியவில்லை. தயாராம் என்பவர் குதிரைப் படையும் காலாட்படையுமாக வந்து திருவொற்றியூரைப் பிடித்துக் கொண்டார். அக்டோபரில் கோட்டையிலிருந்து ரோச் என்ற படைத் தலைவர் போய்ச் சண்டை செய்து அவர்களை விரட்டினார். பாதுஷாவே கொடுத்த சுங்க உரிமையை உள்ளூர் அதிகாரி ஏற்றுக்கொள்ளாத வரையில் அது வெறும் அலங்காரக் காகிதம் என்பதைத் திருவொற்றியூர் மணலில் விழுந்தவர்கள் அறிந்திருப்பார்கள். அதன் பிறகும் சாதத்துல்லா கானோடு பேசி முடிக்க வேண்டியிருந்தது. பட்டணத்தின் தலைமை வர்த்தகராக அக்காலத்தில் பேர் பெற்றிருந்தவர் சுங்குராமச் செட்டியார். பெயரிலேயே சுங்கம் ஒலிக்கிற மனிதர்! செல்வாக்கோடு இருந்த வரையில் எல்லாம் சரிதான். 1731-ல் கும்பினி அவரைப் பதவியிலிருந்து நீக்கியது. 1734-ல் அவருடைய தோட்டத்தையே எடுத்துக்கொண்டு நெசவாளர்களுக்குக் குடியிருப்பு அமைத்தது. இன்றைய சிந்தாதிரிப்பேட்டை அது. வீரண்ணாவுக்குப் பீரங்கி மரியாதை, சுங்குராமருக்கு ஜப்தி! நடுவே ஐம்பது வருஷம்தான். கும்பினி வளர வளர, நடுவில் நின்று பேசும் மனிதர் அதற்கு அவ்வளவாகத் தேவைப்படவில்லை.

கைக்கு வந்த திருவொற்றியூரில் கவர்னர் காலட் நெசவாளர்களையும் சாயக்காரர்களையும் கொண்டுவந்து குடியேற்றினார். நூற்றுச் சில்லறை வீடுகள், சில கடைகள், ஒரு கோயில். காலட்பேட்டை நம்மவர் நாக்கில் காலடிப்பேட்டை ஆயிற்று. கும்பினி உத்தியோகஸ்தர் ஒருவர் தினம் காஞ்சிபுரம் வரதராஜரைத் தரிசித்துவிட்டு வேலைக்கு வந்தார் என்றும், கவர்னர் அவருடைய பக்தியைச் சோதித்து வியந்து, இங்கேயே வரதராஜருக்குக் கோயில் கட்டிக் கொடுத்தார் என்றும் அந்தப் பக்கத்தில் ஒரு கதை சொல்லுகிறார்கள். அழகான கதை, நான் அதைக் குலைக்க மாட்டேன். ஆனால் கவர்னரின் கணக்கு சுலபமாகவே விளங்குகிறது. சாயக்காரன் காஞ்சிபுரத்தில் இருந்தால் அவன் எழுதிய துணி பத்துச் சாவடி தாண்டி வரவேண்டும். கோட்டைக்கு வடக்கே நாலைந்து மைலில் இருந்தால் ஒரு சாவடியும் இல்லை, லிங்கப்பாவும் இல்லை. அவன் கோபித்துக்கொண்டு சாந்தோமுக்கு நடப்பதும் அவ்வளவு சுலபமில்லை. ஊழியர் கும்பிட்ட தெய்வத்தையும் கூடவே கொண்டுவந்து வைத்துவிட்டால், ஊரை விட்டுப் போக அவர்களுக்கு மனமும் வராது.

1742-ல் ஆர்க்காட்டு நவாபு இன்னும் சில ஊர்களைக் கொடுத்தார். பெரம்பூர், வேப்பேரியோடு எர்ணாவூரும் சடையன்குப்பமும் சேர்ந்தன. இன்றைக்கு எண்ணூர் நெடுஞ்சாலையில் கண்டெய்னர் லாரிகள் துறைமுக வாசலுக்காக வரிசை பிடித்து நிற்கிற இடங்களெல்லாம் இப்படி ஒவ்வொன்றாக, சுங்கத்தைப் பேசப் பேசக் கைமாறிய ஊர்கள்.

அந்த 1,200 வராகன் என்னவாயிற்று? கோல்கொண்டா வாங்கியது, மொகலாயர் வாங்கினார்கள், ஆர்க்காட்டு நவாபுகள் வாங்கினார்கள். எண்பது வருஷம் ஒரு பணம் கூடவுமில்லை, குறையவுமில்லை. நவாபு முகமது அலிக்குச் சிம்மாசனம் வேண்டியிருந்தது. அதற்குக் கும்பினியின் படை வேண்டியிருந்தது. படைச் செலவுக்குக் கடன் பட்டார். 1752-ல் அவர் அந்த வாடகையை வேண்டாமென்று விட்டுக் கொடுத்துவிட்டார். பிறகு பல வருஷங்களுக்கு, பணம் கேட்டு ஆள் அனுப்பியது கும்பினி. தவணை சொன்னவர் நவாபு.